மெனுவை மாற்றாதீர்கள்

எங்கள் மாநகராட்சியின் இணையதளப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். தளத்தைப் புதுப்பித்ததிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் மெனு மாறுவது உங்களுக்குத் தெரியும். "அந்தந்தப் பக்கத்துக்குத் தேவையானதை மட்டும் காட்டுகிறோம்" என்று புகாருக்குப் பதிலும் போட்டீர்கள். தேவை யாருக்கு என்றுதான் புரியவில்லை.

எனக்குப் பார்வை கிடையாது. என்விடிஏ திரைவாசிப்பான் படிப்பதைக் கேட்டுத்தான் கணினியில் வேலை பார்க்கிறேன். உங்களுக்கு மெனு ஒரு பார்வையில் அடங்கிவிடும்; எனக்கு அது மனப்பாடம் செய்து வைத்த வரிசை. சொத்து வரி மூன்றாவது, குடிநீர்க் கட்டணம் நான்காவது. போன அரையாண்டு வரியைக் கட்டிவிட்டு, அப்படியே குடிநீர்க் கட்டணத்துக்குப் போக, அடுத்தடுத்த இணைப்புக்குத் தாவும் கே விசையைத் தட்டினேன். பெயர் மாற்றம், மறுமதிப்பீடு, நிலுவை அறிய... அவ்வளவுதான். குடிநீரைக் காணோம், முகப்பையும் காணோம். பின்னால் போனால் லாகின் காலாவதி. மறுபடி லாகின், மறுபடி ஓடிபி, மறுபடி அந்தக் கோணல் எழுத்துப் படம். அதைப் படித்துக் காட்ட ஒலி வசதியும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, ஓடிபி வந்த போனை அவன் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. "ஓடிபியை யாரிடமும் பகிராதீர்" என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

பிரதான மெனுவை எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிசையில் வையுங்கள். கேட்பது இவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்துவதற்கான உலக நெறிமுறை, 2008-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0. அதன் 3.2.3 விதி சொல்வதும் இதுவே. இடையில் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். திரும்ப வருபவற்றின் வரிசை மாறக்கூடாது. உங்கள் புகார்ப் பக்கத்திலோ முகப்பு கடைசிக்குப் போய்விட்டது, சொத்து வரிக்கு முன்னால் குடிநீர் வந்துவிட்டது. வரிப் பக்கத்துக்கென்று தனி இணைப்புகள் வேண்டுமா? தாராளமாகக் கீழே துணை மெனுவாகப் போடுங்கள். இருக்கும் பக்கத்தின் இணைப்புக்குத் தளத்தின் நிரலில் 'ஏரியா-கரன்ட்' (aria-current) என்ற குறி கொடுத்தால், "தற்போதைய பக்கம்" என்று திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

எங்கே போனாலும் இடம் மாறாமல் இருப்பது மேலே ஓடும் விழாப் படங்கள் மட்டும்தான். "இமேஜ் 1, இமேஜ் 2" என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டுவிட்டுத்தான் மெனுவுக்கே வர முடிகிறது. திறப்பு விழாவுக்குக் கிடைத்த நிரந்தர இடம் குடிதண்ணீருக்குக் கிடைக்கவில்லை.

கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அரையாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் மெனுவை ஒரே வரிசைக்குக் கொண்டுவந்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சோதித்துப் பார்க்க ஆள் தேவையென்றால் சொல்லுங்கள், நானே அலுவலகத்துக்கு வருகிறேன். கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஒருவன்