கயலுக்கு, எஞ்சினுக்கு அடுத்து வரும் பெட்டிகள் பற்றி

அன்பு கயலுக்கு,

நீ வீட்டில் செய்யும் மாடல் ரயிலின் படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். மலைச்சரிவு நன்றாக வந்திருக்கிறது, தண்டவாளமும் கோணல் இல்லாமல் ஓடுகிறது. பெட்டிகளை மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதே அம்மா. பயணிகள் பெட்டியை எல்லாரும் தேடித் தேடி வாங்குகிறார்கள், எஞ்சினுக்கு அடுத்து நிற்கும் லக்கேஜ், பார்சல், தபால் பெட்டிகள் என்று வரும்போது கடையில் எது கிடைக்கிறதோ அதை மாட்டிவிடுகிறார்கள். திண்டுக்கல் பார்சல் ஆபீசில் காலம் தள்ளிய எனக்கு அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அந்தப் பெட்டிகளில்தான் வேலையே நடந்தது.

உன் மாடல் 1950-ஐ ஒட்டிய பிட்ஸ்பர்க் ஊர், பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற கம்பெனியின் வண்டி என்று நீ சொன்னதிலிருந்து அதையே படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள். அந்தக் காலத்து அமெரிக்காவில் ரயில் பார்சல் வேலையைப் பார்த்தது ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி என்ற நிறுவனம். 1929-ல் 86 ரயில் கம்பெனிகள் சேர்ந்து அதைத் தங்கள் சொத்தாக நடத்த ஆரம்பித்தன. வெட்டிய பூ, ஸ்ட்ராபெரி, கோழிக்குஞ்சு, சினிமாப் படச்சுருள், இயந்திர உதிரி பாகம் என்று அவசரமாகப் போக வேண்டிய எல்லாம் அவர்கள் கைவழியாகத்தான் போயின. ஆனால் சரக்கு போன பெட்டிகளில் பெரும்பாலானவை ரயில் கம்பெனிகளுக்குச் சொந்தமானவை, ஏஜென்சி உள்ளே இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதனால் உன் வண்டியில் எல்லாப் பெட்டியும் ஏஜென்சியின் பச்சையில் இருந்தால் தப்பு. பெரும்பாலானவை பென்சில்வேனியாவின் கருஞ்சிவப்பு, நடுவே ஏஜென்சிக்கே சொந்தமான குளிர்பதனப் பெட்டி ஒன்றிரண்டு பச்சையாக. அந்தக் கலப்பு கண்ணுக்கும் அழகாக இருக்கும்.

பென்சில்வேனியாக்காரர்கள் பெட்டிக்கு வைத்த பெயரிலேயே பாதி விவரம் கிடைத்துவிடும். பி60பி என்றால் முதல் எழுத்து லக்கேஜ் வகையைச் சொல்கிறது, 60 என்பது உள்நீளம் அடிக்கணக்கில், கடைசி எழுத்து அதில் எந்த உட்பிரிவு என்பது. வளைந்த கூரை உள்ள இந்தப் பி60பிதான் 1920-களிலிருந்து அவர்களுடைய பார்சல் வேலையைச் சுமந்தது, ஆகவே முதலில் இதைத்தான் வாங்க வேண்டும். உன்னுடையது எச்ஓ என்ற மாடல் அளவு, நிஜப் பெட்டியின் ஒரு அடிக்கு மாடலில் மூன்றரை மில்லிமீட்டர், அப்படியானால் 60 அடிக்கு 210 மில்லிமீட்டர், வெளிநீளம் அதற்குக் கொஞ்சம் கூடுதல். ஸ்கேலை வைத்து அளந்து பார். பி60பி என்று அட்டையில் அச்சடித்து, வேறு கம்பெனியின் 70 அடிப் பெட்டிக்குச் சிவப்பு அடித்து விற்பவர்களும் இருக்கலாம்.

அப்புறம் நான் ரொம்ப ரசித்த விஷயம் ஒன்று. சில லக்கேஜ் பெட்டிகளின் பக்கவாட்டில் சின்ன நட்சத்திரம் வரைந்திருப்பார்கள். அது அலங்காரம் இல்லை. பார்சல் காவலாக ஆள் கூடவே பயணம் செய்யத் தேவையான கழிப்பறை, குடிதண்ணீர் போன்ற வசதி உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம். நட்சத்திரம் இல்லாத பெட்டியில் மூட்டையை அடுக்கி, கதவைச் சாத்தி, சீல் வைத்து அனுப்பிவிடுவார்கள், சேரும் ஊர் வரை யாரும் தொட மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்கும் அன்றாடம்தான். சீல் வைத்த பார்சல் வேன் வந்தால் சீலைச் சரிபார்த்து அனுப்பிவிடுவோம், கார்டு பெட்டியை ஒட்டிய லக்கேஜ் அறை வந்தால்தான் ஓட்டம், வண்டி நிற்கும் அந்தச் சில நிமிஷத்தில் பூக்கூடை ஏற வேண்டும், அதில் வந்த மூட்டை இறங்க வேண்டும். உன் பிளாட்பாரத்தில் தள்ளுவண்டியும் பொம்மை ஆட்களும் வைக்கப் போகிறாய் அல்லவா, அவர்களை நட்சத்திரப் பெட்டிக்கு எதிரே நிறுத்து. சீல் வைத்த பெட்டியின் கதவைத் திறந்து வைக்காதே.

பிட்ஸ்பர்க் கிடைத்தது உன் அதிர்ஷ்டம். நியூயார்க்கிலிருந்து மேற்கே போகும் வண்டிகளின் பெட்டிகளை அங்கே பிரித்து, சிகாகோவுக்கு ஒரு பாதையிலும் செயின்ட் லூயிஸுக்கு இன்னொரு பாதையிலும் அனுப்பினார்கள். அப்படியானால் எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று முதலில் எழுதிக்கொண்டுதான் நீ வரிசையே போட முடியும். செயின்ட் லூயிஸ் பக்கம் போவதால் மேற்குக் கம்பெனிகளின் பெட்டி ஒன்றைச் சேர்த்தாலும் பொருந்தும். இந்தப் பிரித்துச் சேர்க்கும் வேலையைப் பேரனிடம் கொடுத்துவிடு, வண்டியைச் சும்மா சுற்றவிடுவதைவிட அதில் மணிக்கணக்காக உட்காருவான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிப்பாய்கள் தூங்கிப் போக 2,400 பெட்டிகள் கட்டினார்கள், பார்க்கச் சரக்குப் பெட்டி மாதிரியே இருக்கும். போர் முடிந்ததும் அவற்றில் பலவற்றைக் கம்பெனிகள் வாங்கி பார்சல் பெட்டியாக மாற்றின. வேகமாக ஓடும் சக்கரக் கட்டும், பின்னால் இருக்கும் பயணிகளுக்கு எஞ்சினிலிருந்து வெப்பம் கொண்டுபோகும் நீராவிக் குழாயும் அவற்றில் ஏற்கெனவே இருந்தன. அந்தக் குழாய் இல்லாத சரக்குப் பெட்டியைப் பயணிகளுக்கு முன்னால் கோத்தால் குளிர்காலத்தில் அவர்கள் நடுங்க வேண்டியதுதான். ஆக, அடிப்பக்கம் குழாய் இருக்கிறதா என்று படத்தில் கட்டாயம் பார்.

படம் தேடும்போது கம்பெனி எடுத்த புதுப்பெட்டிப் படத்தை மட்டும் நம்பாதே. 1925-ல் பளபளவென்று நின்ற பெட்டி 1950-ல் கரி படிந்து, கதவு மாறி, வேறாக இருக்கும். ஜாக் டெலானோ என்ற புகைப்படக்காரர் 1943-ல் சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் எடுத்த படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஊர் வேறானாலும் கூட்டமும் வெளிச்சமும் அழுக்கும் எப்படி இருந்தன என்று தெரியும். வில்மிங்டனில் ஹேக்லி நூலகத்தில் பென்சில்வேனியா ரயில்ரோடின் பழைய ஆவணங்கள் இருக்கின்றன, பென்சில்வேனியாவில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க்கில் ரயில் மியூசியம் இருக்கிறது, லீவில் பையனையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் வா. கூரையைப் படம் எடுக்கச் சொல், அதுதான் எங்கும் கிடைக்காது.

வருஷத்தைத் தள்ளி 1960-களுக்குப் போகலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். நான் வேண்டாம் என்பேன். 1960-ல் ஏஜென்சி பெயரையும் சின்னத்தையும் மாற்றிவிட்டது, 1967-ல் தபால் துறை ரயில் தபால் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியதும் பல வண்டிகள் வருமானமின்றி நின்றே போயின. ஓடும் தபால் பெட்டிக்குள் கடிதம் பிரித்த ஆட்கள் இல்லாத வண்டியை ஏன் செய்ய வேண்டும்? 1950-லேயே இரு.

உன் ஸ்டேஷனில் பிளாட்பாரம் வண்டிக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று படத்தில் தெரியவில்லை. அதை எழுது, எந்தக் கதவு எங்கே வர வேண்டும் என்று வரிசை போட்டு அனுப்புகிறேன்.

அப்பா