சுண்டுவிரலில் 'நான்'

அன்புள்ள தங்கைக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். இங்கே அனைவரும் நலம். அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாத ஊரில், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்ப ஜெபமெல்லாம் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். நடக்கிறது. சந்தோஷமாகவே நடக்கிறது. உன் பிள்ளையும் பேசத் தொடங்கியிருப்பதால், உனக்கும் உதவட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் 'பொழுது சாய்ந்ததும் ஜெபம்' என்ற பழக்கம் இங்கே செல்லாது. கடிகாரத்தைக் காட்டினாலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது புரியாது. அதற்குப் புரிவது வரிசைதான். முதலில் குளியல், அப்புறம் இரவு உடை, ஒரு வேதக் கதை, ஒரு பாட்டு, ஜெபம், கடைசியில் விளக்கை அணைப்பது. இந்த வரிசை மாறாமல் இருந்தால் நேரம் அரைமணி முன்னே பின்னே போனாலும் பிள்ளை தானாகவே கைகூப்பும். கோடையில் மட்டும் குளியலுக்கு முன்பே தடித்த திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது "தூங்கு" என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

தேவனுடைய வார்த்தையைப் பிள்ளைகளோடு பேச, வேதாகமத்தில் உபாகமம் 6:7 நான்கு வேளைகளைச் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. நான்குமே எப்படியும் நடக்கிற காரியங்கள். சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற தாய்க்கு இதைவிட ஆறுதலான வசனம் இல்லை என்பேன். தனியாக ஒரு மணி நேரம் தேட வேண்டியதே இல்லை. எழுந்ததும் கட்டிலிலேயே ஒரு வரி நன்றி சொன்னால் போதும். வழிதான் எங்களுக்குப் பெரிய வகுப்பறை. வெளியே போக வேண்டுமென்றால் கம்பளிச் சட்டை, கோட்டு, தொப்பி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாய் மாட்டவே பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடம் ஒரு வசனத்துக்குத் தாராளம். கையுறையை மட்டும் கடைசியில் போடு. காரணம் இருக்கிறது.

23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை விரல்களில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். கட்டைவிரல் 'கர்த்தர்', ஆள்காட்டி விரல் 'என்', நடுவிரல் 'மேய்ப்பராய்', மோதிர விரல் 'இருக்கிறார்'. எல்லாவற்றிலும் சிறிய சுண்டுவிரல் 'நான்'. அப்படியே கையை மூடினால் 'தாழ்ச்சியடையேன்'. மூடிய கைக்குள்ளே சுண்டுவிரல் பத்திரமாக இருப்பதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். தாழ்ச்சி என்றால் குறைவு என்று ஒருமுறை சொன்னால் போதும். மழலையில் ழகரம் உடனே வராது, 'தாச்சி' என்றுதான் வரும். திருத்தித் திருத்தி நிறுத்தாதே. நீ தெளிவாகச் சொல்லிக்கொண்டே இரு, காது முதலில் பிடிக்கும், நாக்கு பிறகு பிடிக்கும்.

மொத்தம் ஆறு வசனங்கள், வாரத்துக்கு ஒன்று. இதில் ஒரு சிக்கல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும்: இரண்டாவது வசனமும் மூன்றாவதும் 'அவர் என்' என்றுதான் தொடங்குகின்றன. அதனால் புல்லுள்ள இடங்களிலிருந்து நேராக ஆத்துமாவுக்குத் தாவிவிடுவார்கள். இரண்டாவதுக்குக் கையைத் தண்ணீர் போல அசைக்கவும், மூன்றாவதுக்கு நெஞ்சில் கை வைக்கவும் பழக்கு. பிறகு குழம்பாது. நான்காவதில் இன்னொன்றைக் கவனி. அதுவரை 'அவர், அவர்' என்று வந்தது, இருளான பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று மாறிவிடுகிறது. அவரைப் பற்றிப் பேசினவன் அவரிடமே பேசுகிறான். குளிர்கால விடியலில், விளக்கு எரியும் தெருவில் ஒரு சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைச் சொல்லும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் இல்லை.

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை முதல் வரியிலிருந்து தொடங்காதே. 'பரமண்டலங்களிலிருக்கிற' என்ற ஒரே சொல் போதும், பிள்ளை சோர்ந்துபோகும். நடுவில் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று வருகிறதே, அதைச் சாப்பாட்டுக்கு முன் தினமும் சொல்ல வை. அது ஊறிய பிறகு, முன்னும் பின்னும் ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். 'கடன்கள்' என்றால் காசுக் கடன் என்றே புரிந்துகொள்வார்கள். அது நம் தப்புகளைச் சொல்கிறது என்று விளக்கிவிடு. வெளியில் நாள் முழுக்க வேறு மொழி பேசிவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு, தமிழ் நாக்கில் தங்குவது பெரும்பாலும் இந்த ஜெப நேரத்தில்தான்.

எங்கே தவறிப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலாவது நீளம். பெரியவர்களுக்கான ஜெபத்தைப் பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்தால் ஐந்தாம் நிமிடத்தில் நெளிவார்கள், பத்தாம் நிமிடத்தில் அதட்ட வேண்டிவரும். ஜெபம் என்றாலே அதட்டல் என்று மனதில் பதிந்துவிடும். உன் பாரங்களையெல்லாம் அவர்கள் தூங்கின பிறகு சொல்லி ஜெபி. இரண்டாவது, வசனத்தைப் பிரம்பாக ஆக்குவது. சண்டை போட்ட பிள்ளையை 'ஒருவருக்கொருவர் தயவாயும்' என்று வரும் வசனத்தைப் பத்து முறை சொல்லவைத்தால் அந்த வசனம் அதற்குக் கசந்துபோகும். நீ கோபத்தில் கத்திவிட்ட நாளில் நீயே அவர்கள் முன் முழங்காலிட்டு, "அம்மா கத்தினது தப்பு, மன்னிச்சிடு" என்று கேள். மன்னிப்பைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இன்னொன்று கேள்வி. "இன்றைக்கு எதற்கெல்லாம் நன்றி?" என்றால் சின்னதுகள் விழிக்கும். "இன்றைக்கு உன் கை எதையெல்லாம் தொட்டது?" என்று கேட்டுப் பார். நத்தை, பனிக்கட்டி, தம்பியின் கன்னம் என்று நீ நினைத்துப் பார்க்காத பட்டியல் வரும். அப்படியே அதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகக் கொஞ்ச நேரம் வேண்டும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்லஸ் சகோதரர்களின் தாய் சுசன்னா வெஸ்லி 1712-இல், வெளியூரில் இருந்த கணவருக்கு எழுதிய கடிதத்தில், வாரத்தின் ஒவ்வொரு மாலையும் எந்தப் பிள்ளையோடு பேசுகிறாள் என்று வரிசையாகச் சொல்கிறாள். வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் அவளால் முடிந்தது. நமக்கு இரண்டு மூன்று பிள்ளைகள்தான். பத்து நிமிடம் போதும், துணி மடிக்கும்போதுகூட ஆகலாம். கையில் தொலைபேசி மட்டும் இருக்கக் கூடாது.

கடைசியாக, விளக்கை அணைக்கும் முன் தலையில் கை வைத்து எண்ணாகமம் 6:24–26 சொல்லு. 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்' என்று தொடங்கும் மூன்றே வசனங்கள். பெயரைச் சேர்த்துச் சொன்னால் இருட்டிலும் அந்த முகம் மலர்வது தெரியும். கொஞ்ச நாளில் அதுவே கையை நீட்டி உன் தலையைத் தொடும்.

தன் இளம் சீடன் தீமோத்தேயுவுக்கு அவனுடைய விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அப்போஸ்தலர் பவுல், தாய் ஐனிக்கேயாளுக்கு முன்பே பாட்டி லோவிசாளைச் சொல்கிறார். ஆகவே உன்னிடம் ஒரு உதவி. அம்மாவின் குரலில் 23-ஆம் சங்கீதத்தைப் பதிவு செய்து அனுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு வசனத்துக்கு ஒரு பதிவாக ஆறு பதிவுகள். ஒவ்வொரு சொற்றொடருக்கும் பிறகு பிள்ளை திருப்பிச் சொல்ல நாலைந்து நொடி இடைவெளி விடச் சொல். அம்மா வேகமாகச் சொல்லிவிடுவார்கள், நீ பக்கத்தில் இருந்து கையைக் காட்டு. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே நாளில் அனுப்பாதே.

உன் அன்பு அக்கா