ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்: அந்தக் குறிப்பைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாத வீட்டுக் குறிப்புகள் பக்கத்தில், கழிவறைக் கோப்பையில் படிந்த மஞ்சள் கறை போக, ஆசிட் ஊற்றி அதன்மேல் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் தூவி, நுரைத்து அடங்கியதும் தேய்த்துக் கழுவலாம் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அது உயிருக்கு உலை வைக்கும் யோசனை. அந்த நுரையிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. அடுத்த இதழிலேயே இதற்கு மறுப்பு வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறார்களா என்று பார்ப்பதும், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் கருவியில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் காட்டுகிறதா என்று சோதிப்பதும் எங்கள் அன்றாட வேலை. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். தொட்டியில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பொடி போதும். அந்த அளவில் அது வாந்திபேதியை ஊருக்குள் விடாமல் தடுத்துவிடும். ஆகவே அந்தப் பொடிமேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. (எங்கள் நிலத்தடி நீரில் கலந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பையும் அதே பொடி போக்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இங்கே இன்னும் உண்டு. போக்காது. அதற்குத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது.)

அந்தக் குறிப்பு எங்கள் மாவட்டத்திலும் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் என்ன செய்யும் என்பதுதான் என் கவலை. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும், கழிவறைக்குப் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த தண்ணீர். புதிதாகப் பதித்த டைல்ஸ்கூட விரைவில் பழுப்பேறிவிடும். அதனால் ஆசிட் பாட்டில் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. பஞ்சாயத்தில் கொடுத்ததோ மளிகைக் கடையில் வாங்கியதோ, பிளீச்சிங் பவுடரும் ஒரு மூலையில் இருக்கும். இரண்டையும் சேர்க்கச் சொல்லி ஒரு பத்திரிகையே எழுதினால் யார்தான் தயங்குவார்கள்?

ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பொடியில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட். காரத்தன்மை இருக்கும்வரை குளோரின் அதற்குள் அடங்கிக் கிடக்கும். அமிலம் பட்டதும் கட்டவிழ்ந்து வாயுவாக வெளியேறும். நல்ல பொடியில் 100 கிராமுக்குச் சுமார் 33 கிராம் குளோரின் உண்டு. போதிய அமிலம் சேர்ந்தால் அதிலிருந்து 10 லிட்டருக்கும் மேல் வாயு கிளம்பும். நாலடிக்கு ஐந்தடி கழிவறையில், கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜெர்மன் படை எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் அது பள்ளத்தில் இறங்கித் தங்கியது. நம் கழிவறையைத் தேய்ப்பவர் குத்துக்காலிட்டு, முகத்தைக் கோப்பைக்கு நேராகக் குனிந்து வைத்திருக்கிறார். வாயு முதலில் சேரும் இடமும் அதுதான். மேலே இருக்கும் சின்ன ஜன்னல் அவருக்கு உதவாது. மூக்கில் கட்டிய முந்தானையும் துணி முகக்கவசமும் தூசியைத்தான் தடுக்கும்.

காரிமங்கலம் பக்கம் ஒரு திருமண மண்டபத்தில் இப்படித்தான் நடந்தது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் அவசரத்தில் துப்புரவு செய்த ஒரு பெண் இரண்டையும் சேர்த்து ஊற்றிவிட்டார். "கண்ணு எரியுதுங்க சார், நெஞ்ச இறுக்கிப் புடிக்குது" என்றார். வெளியே உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் இருமல் அடங்கியது, வீட்டுக்குப் போய்விட்டார். இரவில் மூச்சு வாங்கத் தொடங்கி, ஆக்சிஜன் வைத்துத்தான் பிழைத்தார். குளோரின் அப்படிப்பட்டது. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அதனால் வாயுவைச் சுவாசித்தவருக்கு இருமல் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இத்தனை ஆபத்துக்கும் பலன் உண்டா என்றால், அதுவும் இல்லை. சுண்ணாம்புப் படிவை அமிலம் கரைக்கும், பிளீச்சிங் கரைக்காது. கிருமியை பிளீச்சிங் கொல்லும். சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு இரண்டும் வீரியம் இழக்கும். துருக்கறை என்றால் பிளீச்சிங் பட்டு இன்னும் அழுத்தமாகப் பதியும். உப்புக் கறைக்குக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்தாலே போதும். அன்றைக்கு பிளீச்சிங் பக்கமே போகக் கூடாது. ஏனென்றால் எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அமிலம்தான். கிருமிக்குத்தான் என்றால் முதலில் சோப்புப் போட்டு அழுக்கை எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். சிறுநீர் தேங்கியிருந்தால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தும் நச்சுவாயு வரும். பிறகு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 30 கிராம் பொடி என்று கரைத்து, தெளிந்ததை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். வெந்நீர் வேண்டாம். கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். கையுறை போடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். மிச்சப் பொடியை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், வெயிலும் ஈரமும் படாமல், மண்ணெண்ணெய்க்கும் ஆசிட்டுக்கும் தள்ளி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் கிடந்த பொடிக்கு வீரியம் இருக்காது.

இன்னொன்று, பாட்டில். மொபெட்டில் வந்து விற்பவர்கள் ஆசிட்டையும் வெளுப்புத் திரவத்தையும் பழைய தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றித் தருகிறார்கள். எது எது என்று எழுதியிருப்பதில்லை. ஆசிட் வாங்குபவரின் அடையாளத்தையும் முகவரியையும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே உத்தரவிட்டது. தெருவில் நடப்பதோ வேறு. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில்தான். தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் கூடாது. போகும்போது சுட்டது திரும்பி வரும்போது தொண்டையை மறுபடியும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். கண்ணில் பட்டால் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்து இருபது நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தவறிப்போய் இரண்டும் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்து, எல்லோரையும் தள்ளி நிறுத்துங்கள். கழுவிவிடலாம் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள்.

மறுப்பைக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டுவிட வேண்டாம். குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவில், "ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கக் கூடாது" என்று தலைப்பிட்டே வெளியிடுங்கள். பழைய இதழை எடுத்து வைத்துப் படிக்கும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. எனவே அடுத்தடுத்து இரண்டு மூன்று இதழ்களிலாவது அது வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.