கித்துல்கலவில் சொல்லப்படாத கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

நீண்ட விடுமுறை வந்தால் கொழும்பிலிருந்து ஹற்றன் வீதியால் கித்துல்கலவுக்குச் செல்வோரில் தமிழ்க் குடும்பங்களும் நிறையவே உண்டு. களனி கங்கையில் படகுச் சவாரி முடிந்ததும் பலர் தேடிச் செல்வது, 1957இல் வெளியான ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக இயக்குநர் டேவிட் லீன் பாலம் கட்டித் தகர்த்த இடத்தையே. ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்ற படம் நம் நாட்டு ஆற்றங்கரையில் உருவானதில் பெருமைப்படுவது நியாயமே. ஆனால், தமிழர் அவசியம் அறியவேண்டிய செய்தியொன்று அங்கே எவராலும் சொல்லப்படுவதில்லை.

படத்துக்கு அடிப்படையான உண்மைப் பாதை, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் 1942–43இல் அமைத்த, ஏறக்குறைய 415 கிலோமீற்றர் நீளமான ரயில் பாதையாகும். அங்கே 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டனர்; படம் அவர்களுடைய கதை. அவர்களைவிடப் பன்மடங்கு தொகையில் மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர். மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து முதலில் சம்பள ஆசை காட்டியும் பின்னர் வலுக்கட்டாயமாகவும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகப் பலிகொண்டன. அந்தப் பாதையோரத் தாய்லாந்து நகரான காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. இத்தொழிலாளருக்கு அப்படி இல்லை. படத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்த பயணிகளுக்காக அங்கே 1960இல் ஆற்றின் பெயரே ‘குவாய் யாய்’ என்று மாற்றப்பட்டது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

அண்மையில் கித்துல்கல சென்றபோது எங்களுடன் வந்த வழிகாட்டி இளைஞர், ஆற்றங்கரையில் எஞ்சியிருக்கும் கொங்கிறீற் அடித்தளத்தைக் காட்டி, ரயில் எங்கே விழுந்தது, கமரா எங்கே நின்றது என்பதையெல்லாம் ஆர்வத்தோடு விளக்கினார். உண்மைப் பாதையில் தமிழர் இறந்ததை நான் சொன்னபோது அவர் வியப்போடு கேட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வரும் வழியில், யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் மரங்களில் சிரட்டை கட்டியிருப்பதை எல்லோரும் பார்க்கிறோம். அந்தத் தோட்டத் தமிழரின் முன்னோரைப் போலவே மலாயாவுக்குப் போனவர்களும் தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் ஆள்சேர்க்கப்பட்டவர்கள்தாம். அவர்களை அந்நியராக நினைக்க என்னால் முடியவில்லை.

ஆகவே, பாலம் இருந்த இடத்தில் இந்த வரலாற்றை மும்மொழியிலும் கூறும் பலகையொன்றை நிறுவச் சுற்றுலாத் துறைக்குப் பொறுப்பானவர்கள் முன்வர வேண்டும். அதுவரை, மலைநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகள் அங்கே சற்று நேரம் நிறுத்தி, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலிலிருந்து சில பக்கங்களையாவது மாணவருக்கு வாசித்துக் காட்டுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.