வைத்தியசாலையில் மொழி தெரியாமல் நிற்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் பெரிய அரச வைத்தியசாலைகளில் விடியுமுன்னே கிளினிக் வாங்குகள் நிரம்பிவிடுகின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் பலர். பதுளை, ஹட்டன் பக்கத்திலிருந்து இரவு ரயிலில் கோட்டைக்கு வந்தவர்கள், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பஸ் ஏறி இரவெல்லாம் கண்விழித்து வந்தவர்கள். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை, பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, கண் வைத்தியசாலை என்று எங்கு போனாலும் இவர்களைப் பார்க்கலாம். வைத்தியம் இலவசம். ஆனால் சிங்களத்தில் பெயரும் அறை இலக்கமும் கூப்பிடும்போது யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே இவர்களுக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குத்தான் இந்தக் கடிதம்.

உதவ மனமிருந்தும் பலர் தயங்குவதற்குக் காரணம், எங்கே தொடங்குவது என்று தெரியாததுதான். "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று தொடங்காதீர்கள். நாலு பேர் காதில் விழ அதைச் சொல்ல யாருக்கும் விருப்பமிராது. "அம்மா, எத்தனையாம் நம்பர் ரூமுக்கு வரச் சொன்னாங்க?" என்று கேளுங்கள். கையிலுள்ள துண்டை அவர்களே நீட்டுவார்கள். அறை இலக்கம், கூப்பிடும் ஒழுங்கு, இரத்தம் எடுக்கும் இடம் ஆகிய மூன்றையும் சொல்லிக் கொடுத்தாலே பாதி உதவி முடிந்துவிடும். இலக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். சிங்களத்தில் 'ஹத்தர' என்றால் 4, 'ஹத்த' என்றால் 7. இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். 'ஹெட்ட' என்பது நாளை, அதே ஓசைக்குக் கிட்ட வருவது 60. ஆகவே காதால் கேட்டதை நம்பாமல், தாதி மிஸ்ஸிடம் சொல்லி இலக்கத்தை எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்.

டொக்டரின் அறைக்குள் போனபின் நடக்கும் பிழைகள் வேறு வகையானவை. பெரிய பிழை, நோயாளி சொன்னதைச் சுருக்குவது. அந்த அம்மா நாலு வசனம் சொல்வார். கூட வந்தவர் "படே அமாருவக்" (வயிற்று நோவு) என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். எத்தனை நாளாக, சாப்பிட்ட பிறகா, இரவிலா, சத்தி எடுத்ததா என்பதெல்லாம் அந்த நாலு வசனத்தில்தான் இருந்தது. ஒரு வசனம் கேளுங்கள், அதை முழுதாகச் சொல்லுங்கள், பிறகு அடுத்ததைக் கேளுங்கள். தெரிந்த கேள்விதானே என்று நோயாளிக்குப் பதிலாக நீங்களே பதில் சொல்லாதீர்கள். அவருக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். நடுவில் நின்றால் டொக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார், நோயாளியின் முகம் சுருங்குவது அவர் கண்ணில் படாது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் சின்னதல்ல. அம்மா "நெஞ்சு நோகுது" என்றால், சொல்பவர் பழக்கத்தில் "பபுவ ரிதெனவலு" என்றுவிடுகிறார். 'நோகுதாம்' என்பதற்குச் சரியான சிங்களம்தான் அது. ஆனால் நம்முடைய 'ஆம்' போலவே அந்த 'லு'வுக்குள்ளும் 'அவர் அப்படிச் சொல்கிறார், உண்மையோ தெரியாது' என்ற ஒரு விலகல் இருக்கிறது. நோவு சொல்லும் இடத்தில் அந்த விலகல் வேண்டாம். "மே அம்மாட்ட பபுவ ரிதெனவா" என்று நேராகச் சொல்லுங்கள்.

சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்களும் தடுக்கி விழுவது தமிழில்தான். 'மயக்கம்' என்ற சொல் மூன்று வேறு நிலைகளைக் குறிக்கிறது. சுற்றியுள்ளவை சுழல்வது போலிருந்தால் "ஒளுவ கெரகெனவா". கண் இருண்டு விழப்போவது போலிருந்தால் "களந்தே வகே". உண்மையில் நினைவு தப்பியிருந்தால் "சிஹிய நெதி உணா". மூன்றுக்கும் டொக்டர் தேடும் காரணங்கள் வேறு, எழுதும் பரிசோதனைகளும் வேறு. ஆகவே மொழிபெயர்க்குமுன், "சுத்தினதா, கண் இருட்டினதா, விழுந்து நினைவில்லாமல் போனதா?" என்று தமிழிலேயே கேட்டுத் தெளிவாக்குங்கள். நெஞ்சிலும் இப்படித்தான். எரிச்சல் என்றால் "பபுவ தனவா", வலி என்றால் "பபுவ ரிதெனவா". ஒன்றுக்கு மற்றதைச் சொன்னால், ஈசீஜி எடுக்க வேண்டிய ஒருவர் காஸ்டிரிக் குளிசையோடு வீட்டுக்கு அனுப்பப்படலாம்.

ஊருக்கு ஊர் தமிழ் மாறுவதையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தவர் "நாரி நோகுது" என்றால் அது முதுகின் அடிப்பகுதி, சிங்களத்தில் 'கொந்த'. கொழும்பிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். "முட்டு" என்றால் மூச்சு இழுப்பு, 'ஹத்திய'. மலையகத்தவர் "சீனி வருத்தம்" என்பதும் வடக்கில் "சலரோகம்" என்பதும் ஒன்றே, 'தியவெடியாவ'. தடிமன், உளைவு, விறைப்பு போன்ற சொற்களில் சந்தேகம் வந்தால் ஊகிக்காமல், கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'கால்' என்றால் நமக்கு இடுப்பிலிருந்து விரல்வரை எல்லாமே கால்தான். டொக்டருக்கு அது போதாது.

எல்லாவற்றிலும் அதிகம் பிழைப்பது பாமசி ஜன்னலில். அங்கே இன்னும் பத்து நிமிடம் செலவழிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. குளிசைகள் சின்னச் சின்னக் கடதாசி உறைகளில் வரும். மேலே ஆங்கிலத்தில் பெயர், கீழே 'பீ.டீ.', 'டீ.டீ.எஸ்.', 'நொக்டே' என்று ஏதோ கிறுக்கல். பீ.டீ. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டீ.டீ.எஸ். என்றால் மூன்று வேளை, 'மேனே' காலை, 'நொக்டே' இரவு. 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்படும்போது மட்டும். கிளினிக் கொப்பியில் 1/12 என்று இருந்தால் அது திகதியும் அல்ல, குளிசையில் பங்கும் அல்ல, ஒரு மாதத்துக்கு என்று பொருள். 2/52 என்றால் இரண்டு கிழமை, 3/7 என்றால் மூன்று நாள். எழுத்து விளங்காவிட்டால் ஊகிக்க வேண்டாம். ஜன்னலில் நிற்பவரிடம் "கேமட்ட கலின் த, பஸ்ஸே த?" என்று கேட்டால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடுவார்.

பிறகு உறையைக் கையில் எடுத்து, ஆங்கிலப் பெயர் மறையாதபடி, கீழே தமிழில் போல்பொயின்ட் பேனையால் எழுதுங்கள். எதற்கு, எத்தனை, எப்போது என்று மூன்றே விஷயம். "பிரஷர். காலை 1. சாப்பிட்ட பிறகு." வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் ஒரு கோட்டுக்கு மேலே பாதிச் சூரியன் காலை, முழுச் சூரியன் மத்தியானம், பிறை இரவு. ஒவ்வொன்றுக்கும் கீழே குளிசை எத்தனையோ அத்தனை புள்ளி. அரைக் குளிசை என்றால் பாதி வட்டம். பலர் செய்யும் ஒரு காரியத்தைத் தடுத்துவிடுங்கள்: இடத்தை மிச்சம்பிடிக்க எல்லா உறைகளையும் பிரித்து ஒரே பொலித்தீன் பைக்குள் கொட்டுவது. அதற்குப் பிறகு எந்த வெள்ளைக் குளிசை எதற்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணிப் பார்ப்பதும் அங்கேயே நடக்க வேண்டும். நாளுக்கு இரண்டு வீதம் ஒரு மாதத்துக்கு 60 குளிசை தந்திருப்பார்கள். அடுத்த கிளினிக் ஐந்து கிழமைக்குப் பிறகு என்றால் வேண்டியது 70. அந்த ஐந்து நாளும் சீனி, பிரஷர் குளிசை இல்லாமல் போகும். தோட்டத்துக்குப் போன பிறகு அது தெரியவந்து பயனில்லை. சில மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தால், லிப்டன் சுற்றுவட்டத்திலுள்ள ராஜ்ய ஒசுசல என்ற அரச மருந்துக்கடைக்கு வழி காட்டிவிடுங்கள்.

சில மருந்துகளுக்கு ஒரு வசனம் கூடுதலாகச் சொல்லியே ஆகவேண்டும். மூட்டு வாதத்துக்கும் சில தோல் நோய்களுக்கும் கொடுக்கும் மெதொட்ரெக்சேட் கிழமையில் ஒரே ஒரு நாள் போடுவது. அதை நாள்தோறும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த நாள் என்று உறையில் பெரிதாக எழுதுங்கள். தைரொயிட்டுக்குக் கொடுக்கும் தைரொக்சின் காலையில் வெறும் வயிற்றில். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடக் கூடாது, தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. காலை எழுந்ததும் தேத்தண்ணி குடித்துப் பழகிய மலையகப் பெண்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் மாதக்கணக்கில் குளிசை போட்டும் இரத்தம் கூடாமல் இருக்கும். அந்தக் குளிசையால் மலம் கறுப்பாகப் போகும் என்பதையும் சொல்லுங்கள். பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டிரொயிட் குளிசையை நீண்ட நாள் போட்டவர்கள், சுகமாகிவிட்டது என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. இரத்தத்தில் சீனி பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் 8 முதல் 10 மணித்தியாலம் பச்சைத்தண்ணி மட்டும். சீனி போடாத வெறும் தேத்தண்ணியும் கூடாது.

கடைசியில் "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள். "சரிங்க" என்ற பதில்தான் வரும், விளங்காவிட்டாலும் வரும். "வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, எனக்கு ஒருக்கா சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். எங்கே பிழை என்று அப்போது தெரிந்துவிடும்.

அடுத்த கிளினிக் திகதியை இலக்கத்தில் எழுதி, பக்கத்தில் கிழமையைத் தமிழில் எழுதுங்கள். கலண்டரை ஒருதரம் பாருங்கள். போயா தினத்தில் விழுந்தால் கிளினிக் இராது, மாற்றுத் திகதியை அப்போதே கேட்டு வாங்க வேண்டும். இரவு முழுவதும் பயணம் செய்து வந்து பூட்டிய கதவைப் பார்ப்பவர்களின் களைப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொப்பியின் வெளி அட்டையில் சிங்களத்தில் ஒரு துண்டும் ஒட்டிக் கொடுக்கலாம்: இவருக்குத் தமிழ் மட்டும் தெரியும், போக வேண்டிய இடம் இது, உறவினரின் தொலைபேசி இலக்கம் இது. புறக்கோட்டையில் மஹரகமவுக்கு 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறும்போது கொண்டக்டரிடம் அதைக் காட்டினாலே இறக்கிவிடுவார்.

கைவைக்கக் கூடாத இடங்களும் உண்டு. சம்மதப் பத்திரத்தில் நீங்கள் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள், வாசித்து விளக்குவதோடு நில்லுங்கள். பெண்ணின் உடல் சம்பந்தமான பேச்சில் ஆண் விலகி, பக்கத்திலுள்ள ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டும். கூட வந்த பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடவே கூடாது. தாயின் நோயை அந்தப் பிள்ளையின் வாயாலேயே சொல்லவைப்பது கொடுமை. புற்றுநோய் என்று டொக்டர் சொன்னதை "சின்னக் கட்டி" என்று மாற்றிச் சொல்லும்படி உறவினர்கள் கெஞ்சுவார்கள். அந்த மாற்றத்தை நீங்கள் செய்ய வேண்டாம். மறைக்க விரும்பினால் அவர்களே டொக்டரிடம் பேசிக்கொள்ளட்டும்.

இதெல்லாம் தனிமனிதர் தலையில் விழ வேண்டிய வேலையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. கிளினிக்குகளில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருக்க வேண்டும் என்று தொடர்ந்து கேட்க வேண்டும். அதற்காக, நாளைக் காலை வாங்கில் உட்காரப்போகும் அம்மாவைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இங்கே சொன்ன சிங்களச் சொற்களையும் உறைக் குறியீடுகளையும், சூரியன் பிறைப் படங்களையும் ஒரு சிறு கட்டமாக ஞாயிறு இதழில் அச்சிடுங்கள். கிளினிக் கொப்பியின் அட்டைக்குள் மடித்து வைக்கும் அளவில் இருந்தால் வாசகர்கள் வெட்டி எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். சொற்களை ஒரு தாதியிடமும் ஒரு மருந்தாளரிடமும் காட்டிச் சரிபார்த்த பிறகே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்,
கொழும்பு 6