பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு. அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது, எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். இப்போதெல்லாம் பகல் 11 மணிக்குக் கூப்பிட்டாலும் உடனே எடுத்துவிடுகிறாய். முன்பு "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுவாய். அம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

போன வாரம் அரியலூர் வழியாக ரயிலில் வந்தேன். மருதையாற்றைத் தாண்டும்போது லால் பகதூர் சாஸ்திரி ஞாபகம் வந்துவிட்டது. 1956 நவம்பர் வெள்ளத்தில் அங்கே பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது சாஸ்திரிதான் ரயில்வே அமைச்சர். அதற்குச் சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்துக்கே ராஜினாமா கொடுத்தார், நேரு வாங்கவில்லை. இந்த முறை விடாப்பிடியாக நின்றார். சாஸ்திரி மேல் தவறில்லை என்று சொல்லித்தான் நேருவே அதை ஏற்றார்.

ஒன்றரை வயதில் தகப்பனை இழந்து தாய்வீட்டுத் தயவில் வளர்ந்த பிள்ளை அவர், பாப்பா. படித்து ஒரு வேலைக்குப் போனால்தான் அந்தத் தாய்க்கு விடிவு. அந்தப் பிள்ளை 1921இல், தேர்வு நெருங்குகிற நேரத்தில், காந்தி கூப்பிட்டார் என்று பள்ளியை விட்டுவிட்டது. ராம்துலாரி அம்மாளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. பிறகு காசி வித்யாபீடத்தில் படிப்பை முடித்தார் என்பது நமக்குத் தெரியும். அன்றைக்கு அவளுக்குத் தெரியுமா?

அரியலூருக்குப் பிறகு 1957இலேயே மறுபடி அமைச்சர். 1963இல், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்ற காமராஜர் திட்டத்தில் திரும்பவும் பதவியை விட்டார். 1964 ஜூனில் பிரதமர். அடுத்த வருஷமே பாகிஸ்தானோடு போர். அந்த ஒல்லி உடம்பைப் பார்த்து இவர் என்ன செய்துவிடுவார் என்று நினைத்தவர்கள் உண்டு. செப்டம்பர் 6 அன்று நம் படை லாகூர் பக்கம் எல்லையைத் தாண்டியது, அவர் கொடுத்த உத்தரவில். நாட்டில் தானியம் இல்லை. வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று ஜனங்களிடம் கேட்டார், தன் வீட்டில் முதலில் செய்துவிட்டு. தாத்தா திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடாமல் படுத்த கதைதான் உனக்குத் தெரியுமே.

நீ பள்ளியிலிருந்தே நேர்மைக்காரி. எனக்கு அதில் பெருமைதான், எப்போதும். ஆனால் அந்த மனுஷர் விலகியதை எழுதிக் கொடுத்தார், ஊரறியச் சொன்னார். வீட்டில் மறைக்கவில்லை. இதை மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். வாடகைக்கு ஆகும். திருப்பி அனுப்பாதே. பிரதமராக இருந்தவரே கார் வாங்க 5,000 ரூபாய் கடன் வாங்கினார், அப்பாவிடம் வாங்க உனக்கென்ன? தீபாவளி வரை காத்திராதே. டிக்கெட் கிடைக்கிற நாளில் வா. அம்மா கேட்க நினைத்ததை அவளே கேட்கட்டும். நான் பக்கத்தில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா