இனி கார்புரேட்டரைக் கழற்றாதே என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார், மாமாமார், அப்புறம் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் புல்லட் தக்கலையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் போய், வழியில் எங்கும் மக்கர் பண்ணாமல் திரும்பி வந்துவிட்டது. நாலு மாதமாக அதைச் சரிசெய்ய என் கூடச் சேர்ந்து பெட்ரோல் நாற்றம் பிடித்த உங்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். பெயர் போடக்கூடாது என்று மூன்று பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் யார் பெயரும் இல்லை. அவரவருக்கு அவரவரைத் தெரியும்.

வண்டி 1993 மாடல், 346 சிசி, வலது காலில் கியர். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது பின்பக்கத்துச் சாய்ப்பின் மேல் தென்னை விழுந்தது. சாய்ப்புக்குள் வண்டி. ஹேண்டில் கொஞ்சம் வளைந்ததைத் தவிர பெரிய சேதம் இல்லை. ஆனால் டேங்கில் பெட்ரோலோடு அப்படியே நின்றுவிட்டது. நம் ஊர் உப்புக்காற்றும் இரண்டு பருவமழையும் மீதியைப் பார்த்துக்கொண்டன. திறந்து பார்த்தபோது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் இல்லை, பழைய வார்னிஷ் மாதிரி ஒரு பிசின். அலுமினிய நிறம் போய் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். எந்த ஒர்க்‌ஷாப் என்பது இப்போது வேண்டாம். கார்புரேட்டரில் காற்று பிடித்து ஊதி, அது இன்ஜினோடு சேரும் இடத்தில் பசையை அள்ளிப் பூசி, இரண்டு நட்டையும் பல்லைக் கடித்து முறுக்கிக் கொடுத்தார்கள். பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கைத் தூக்கினால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை இறக்கினால் செத்துவிடும். அடுத்த தப்பு என்னுடையது. யாரோ சொன்னார்கள் என்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போகும் பைலட் ஜெட்டின் ஓட்டையில் இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்தேன். தலைமுடி அளவு ஓட்டை அது. பித்தளை. இரும்பு உரசினால் பெரிதாகத்தான் செய்யும் என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

குளச்சல் அண்ணனுக்கு முதல் நன்றி. வள்ளத்து மண்ணெண்ணெய் இன்ஜின் பார்க்கிறவர் புல்லட்டைத் தொடுவாரா என்று தயங்கித்தான் போனேன். ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "கம்பி விட்டியா மக்களே?" என்று கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை. புது ஜெட் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். மற்ற துவாரங்களைச் சுத்தம் பண்ண அவர் எடுத்தது தங்கூசி! மீன் வலையில் மிஞ்சிய மெல்லிய நைலான் இழை. பித்தளையைக் கீறாது, வளைந்த வழியிலும் போகும். கடல்தண்ணீரில் கிடக்கும் இன்ஜினோடு தினமும் மல்லுக்கட்டுகிறவருக்குத் தெரியாத அடைப்பு உண்டா? எத்தனாலைப் பற்றியும் அவர்தான் எச்சரித்தார். இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊத வைக்கும். ஒரு வாரம் வண்டியை எடுக்கமாட்டோம் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கிண்ணத்தைக் காலியாக்க வேண்டும். மோட்டாருக்கு அவர்கள் வள்ளத்தில் செய்வது அதுதான். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. டீ மட்டும்.

இரண்டே நாளில் ஜெட் மறுபடி அடைத்தது. டேங்குக்குள் துரு. பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர் டேங்கைக் கழற்றி, ஒரு கை நிறைய சின்ன நட்டும் மண்ணெண்ணெயும் உள்ளே போட்டு, சிங்காரி மேளம் மாதிரி ஒரு மாலை முழுக்கக் குலுக்கினார்கள். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட தெருவுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும்.

அடுத்து கோட்டாறு லேத் பட்டறை மாமா. இப்போது ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் மெதுவாக ஓடுவது, நிலையாக இருந்தது, ஆனால் ஆக்சிலேட்டரை விட்டபிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் தொங்கியது. சைலன்சரில் பட்பட்டென்று வெடி. பிளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று, இரண்டு, அரை என்று எப்படி வைத்தாலும் மாற்றமில்லை. மாமா ஒன்றையும் கழற்றவில்லை. ஓடுகிற இன்ஜினில் கார்புரேட்டர் சேரும் இணைப்பைச் சுற்றிக் கிரீஸைத் தடவினார். வேகம் சட்டென்று இறங்கியது. "காத்து களவா உள்ள போகுது, கேட்டியா? பெட்ரோல எவ்வளவு கூட்டிக் கொறச்சாலும் சரியாகாது" என்றார். அப்புறம் கழற்றி, முகப்பின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த முரட்டு முறுக்கில், நட்டு மாட்டும் இரண்டு காதும் இன்ஜின் பக்கம் வளைந்து, முகம் குழிந்துவிட்டது. கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை விரித்து, எட்டுப் போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்து சமமாக்கினார். முக்கால் மணி நேரம். மிஷினில் ஒரு நிமிட வேலை என்று நினைத்திருந்தேன். கையில்தான் தெரியும் என்றார். புது ஓ-ரிங், நட்டு இரண்டும் அளவாக. பசை கிடையாது.

வண்டி பூனை மாதிரி ஆகிவிட்டது. பத்து கிலோமீட்டர் வரைக்கும். அதற்கப்புறம் சூடானால் நிற்கும். அரைமணி நேரம் மரநிழலில் ஓய்வெடுத்தால் கிளம்பும். நான் என்ன செய்தேன்? கார்புரேட்டரைக் கழற்றினேன். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு தடவை, குலசேகரம் போகிற வழியில் ஒரு தடவை, வீட்டில் இரண்டு தடவை. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியின் கிளிப்பை ஐந்து காடியிலும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

வேலையை விட்டு வருஷங்கள் ஆன தக்கலை மெக்கானிக் மாமாவை அப்பாதான் கூட்டிவந்தார். ஐந்தாவது தடவையாக நான் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் அதைக் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இனி இதத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்." பொழுது சாயும் வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, சூடான இன்ஜினில், பிளக்கில் நெருப்பு வர மின்சாரத்தைத் துண்டித்துவிடும் பாயிண்டின் மூடியைத் திறந்து, என்னைக் கிக்கரை உதைக்கச் சொன்னார். மங்கலான வெளிச்சத்தில் பாயிண்டில் தீப்பொறி தாராளமாகத் தெறித்தது. அங்கே அது இருக்கக்கூடாது. பாயிண்ட் திறக்கும்போது வரும் மின்சாரத்தை உள்வாங்க வேண்டிய கண்டன்சர் சூட்டில் செத்துப்போக, பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு பாயிண்டிலேயே எரிந்து வீணாகிக்கொண்டிருந்தது. வடசேரிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்திலும் உள்ளே போய்த் தேடி ஒன்று எடுத்துத் தந்தார், அவருக்கும் என் கும்பிடு. பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். அன்றோடு சரி.

நாலு மாதத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிக் கொடுத்தீர்கள். ஆனால் அந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கியதைவிடப் பெரிய உதவியை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரல்வாய்மொழி கணவாய்க்காற்று போகும்போது முதுகைத் தள்ளியது, வரும்போது முகத்தில் அறைந்தது. முப்பந்தல் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். எதிர்காற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி, அப்படியே இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்கட் நிறம், கலவை சரி என்று அர்த்தம். ரோட்டோரத்தில் தனியாகச் சிரித்ததைப் பார்த்த லாரிக்காரர் என்ன நினைத்தாரோ.

வீட்டுக்கு வந்ததும் அப்பா திண்ணையில் காதைச் சாய்த்துக் கேட்டார். "ஐடிலிங் கொஞ்சம் கூடுதல்" என்றார். தக்கலை மாமா, நான் தொடவில்லை. நீங்களே வந்து பாருங்கள், கருப்பட்டிக் காப்பி போட்டு வைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. ஒரு ஃபீலர் கேஜ், பத்தாம் நம்பர் ஸ்பேனர் இரண்டு, ஒரு டார்ச் எங்கள் வீட்டில் கிடக்கின்றன. எங்களுடையவை இல்லை. உரியவர்கள் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
புல்லட்காரர் மகன்
தக்கலை